உகாண்டா: "இது எங்க கலாச்சாரம் இல்ல"ங்குற பேச்சும், கே ஆளுங்களுக்கு எதிரான சட்டம் அங்க வந்த வழியும்

கம்பாலா_ரிட்டர்ன் எழுதியது:

நேத்து வேற ஒரு இழையில ஒருத்தர் "ஆப்பிரிக்கா ஃபுல்லா கே ஆளுங்கள தூக்குல போடுறானுங்க, காட்டுமிராண்டிப் பயலுக"ன்னு ஒரே வரில எழுதிட்டுப் போயிட்டாரு, அதுக்கு நாப்பது லைக் வேற. சார், ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்ல. தென்னாப்பிரிக்கால 2006-லயே ஆணும் ஆணும் பொண்ணும் பொண்ணும் சட்டப்படி கல்யாணம் பண்ணலாம்னு ஆயிருச்சு. போட்ஸ்வானால 2019-ல ஹைகோர்ட் அந்தப் பழைய பிரிவ தூக்கி வீசிருச்சு. எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டாதீங்க.

எனக்குத் தெரிஞ்சது ஒரே ஊரு, கம்பாலா. 2008 கடைசிலேந்து 2014 வரைக்கும் அங்க ஒரு ஹார்டுவேர் ஹோல்சேல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்த்தேன், பேரு வேணாம். முதலாளி குஜராத்தி, கணக்குல ரெண்டு தமிழங்க, மத்த இருபது பேரும் உள்ளூர்க்காரங்க. நான் போன புதுசுல இந்த விஷயத்த யாரும் பேசி நான் கேட்டதே இல்ல. பேசவே மாட்டாங்க, அவ்ளோதான். நம்ம ஊர்ல எப்படி தெருவுல ஒருத்தர் "அப்படி" இருந்தா எல்லாருக்கும் தெரியும் ஆனா யாரும் வாயத் திறக்க மாட்டாங்களோ அந்த மாதிரி. லுகாண்டால அதுக்கு எபிசியாகானு ஒரு வார்த்தை இருக்கு, கெட்ட வார்த்தை கணக்கா, ஆம்பளைங்க பியர் குடிக்கும்போது சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, அதோட முடிஞ்சுது.

2009 மார்ச்சுல கம்பாலால ட்ரையாங்கிள் ஹோட்டல்ல மூணு நாள் செமினார் ஒண்ணு நடந்துச்சு. அமெரிக்காலேந்து ஸ்காட் லைவ்லின்னு ஒரு போதகர், கூட இன்னும் ரெண்டு பேர் வந்து பேசுனாங்க, உள்ளூர்ல ஸ்டீபன் லாங்கான்னு ஒருத்தர் ஏற்பாடு. பேச்சோட சாரம் என்னன்னா, கே ஆளுங்க உங்க பிள்ளைங்கள ஆள் சேர்க்குறாங்க, குடும்பத்த அழிக்க உலகம் பூரா ஒரு திட்டம் இருக்கு, அப்படி. டீச்சருங்க, போலீஸ்காரங்க, எம்பிங்க எல்லாம் போய் உக்காந்து கேட்டாங்க. எனக்கு அப்ப அது தெரியாது, பின்னாடி படிச்சதுதான். எனக்குத் தெரிஞ்சது என்னன்னா அந்த வருஷ நடுவுலேந்து எஃப்எம் ரேடியோல காலைல வண்டில போகும்போதே இதே பேச்சு. டாக்ஸிக்குள்ள (அங்க டாக்ஸின்னா பதினாலு பேர் உக்கார்ற வேன்) டிரைவர் சத்தத்தக் கூட்டி வெப்பான், பின்னாடி உக்காந்திருக்குற அம்மாங்க தலைய ஆட்டிக்கிட்டே வருவாங்க. "ஆள் சேர்க்குறாங்க, பள்ளிக்கூடத்துல காசு குடுத்து சேர்க்குறாங்க." அந்த ஒரு வார்த்தைதான் எல்லாத்தையும் மாத்துச்சு. ஒருத்தன் அவன் வீட்டுக்குள்ள என்னமோ பண்றான்ங்குற வரைக்கும் யாருக்கும் கவலை இல்ல, உன் புள்ளைய தூக்கிட்டுப் போவான்னு சொன்னா எந்தத் தாய் சும்மா இருப்பா?

அக்டோபர்ல டேவிட் பஹாட்டினு ஒரு எம்பி மசோதா கொண்டாந்தாரு, சில கேஸுக்கு மரண தண்டனை. அடுத்த வருஷம் அக்டோபர்ல ரோலிங் ஸ்டோன்னு ஒரு லோக்கல் பேப்பர் (அமெரிக்கப் பத்திரிகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஏதோ சின்னப் பசங்க நடத்துனது) ஆளுங்க ஃபோட்டோவ பேரோட போட்டு மேல "தூக்குல போடுங்க"ன்னு அச்சடிச்சுது. அந்தப் பேப்பர நான் கையில தொட்டுப் பார்த்தேன். எங்க கவுண்டர்ல கிடந்துச்சு, சிமெண்ட் தூசியோட. அதுல ஃபோட்டோ வந்த டேவிட் காட்டோங்குறவரு கோர்ட்டுக்குப் போயி 2011 ஜனவரி ஆரம்பத்துல கேஸையும் ஜெயிச்சாரு. ஜனவரி 26 அவரு வீட்லயே சுத்தியலால அடிச்சுக் கொன்னுட்டாங்க.

மிச்சத்த அப்பறம் எழுதுறேன், எங்க ஆபீஸ்ல கேஷ்ல இருந்த ஒரு பையனப் பத்தி சொல்லணும், ஆனா இப்ப இல்ல.

---

நேர்படப்பேசு எழுதியது:

நல்லா எழுதிருக்கீங்க ஆனா ஒரு விஷயம் உறுத்துது. ஏதோ உகாண்டா மக்கள் எல்லாம் பச்சப்புள்ளைங்க, ஒரு வெள்ளக்கார பாஸ்டர் மூணு நாள் வந்து பேசுனதுல கெட்டுப்போயிட்டாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. 2013-ல பியூ ஆய்வு மையம் கேட்டப்ப 96 சதவீதம் பேரு இத சமுதாயம் ஏத்துக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. 96! நம்ம ஊர்ல எதுக்காவது 96 சதவீதம் ஒத்துப்போவாங்களா? அவங்க நாடு, அவங்க நம்பிக்கை, அவங்க பாராளுமன்றம். வெள்ளக்காரன் வந்து "இது தப்பு"ன்னு சொன்னா காலனி, அவனே வந்து "இது சரி"ன்னு சொன்னா மட்டும் மனித உரிமையா?

எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல, முன்கூட்டியே சொல்லிக்கிறேன்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

@நேர்படப்பேசு கடைசி வரி எழுதுறவங்களப் பார்த்தாலே எனக்கு கொஞ்சம் பயம் ப்ரோ 😀 சும்மா சொன்னேன்.

சட்டம் படிக்கிறவன்ங்குற முறையில ஒண்ணே ஒண்ணு. 2009-க்கு முன்னாடியே உகாண்டால இதுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் இருந்துச்சு. பீனல் கோடு 1950, பிரிவு 145. அதுல இருக்குற வாசகம் "இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு". எங்கயோ கேட்ட குரல் மாதிரி இல்ல? நம்ம பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 377-லயும் அதே வாசகம்தான் இருந்துச்சு, 1860. இங்க எழுதி வெச்ச சட்டத்த வெள்ளக்காரன் அப்படியே மூட்டை கட்டி காலனி காலனியா இறக்குனான். அதாவது கம்பாலால ஒருத்தன் ஜெயிலுக்குப் போறதுக்கு காரணமான வாக்கியத்துக்கு மூத்த அண்ணன் இங்கதான் பொறந்தான். நம்ம சுப்ரீம் கோர்ட் அத 2018 செப்டம்பர் 6 அன்னைக்குதான் (வயசு வந்தவங்க சம்மதத்தோட இருந்தா செல்லாதுன்னு) முடிச்சு வெச்சுது, 158 வருஷம். அதனால ரொம்ப மேல உக்காந்து அவங்களப் பார்க்க வேணாம், நாம எந்திரிச்சே இன்னும் பத்து வருஷம் ஆகல.

"எங்க கலாச்சாரம் இல்ல"ன்னு சொல்றவரு கையில புடிச்சிருக்குற சட்டப்புத்தகம் லண்டன் சரக்கு. இதுதான் காமெடி.

---

நேர்படப்பேசு எழுதியது:

சட்டம் வெள்ளக்காரன் எழுதுனது சரி. மனசு? அதுக்கு முன்னாடி இருந்த அவங்க மரபு என்ன சொல்லுச்சு? அத சொல்லுங்க.

---

கம்பாலா_ரிட்டர்ன் எழுதியது:

கேட்டது நல்ல கேள்வி, இதுக்கு பதில் சொல்ல நமுகோங்கோ போகணும்.

கம்பாலாலேந்து ஜிஞ்சா ரோட்டுல போயி உள்ள திரும்பணும். அங்க ஒரு பெரிய கத்தோலிக்க பசிலிக்கா, பார்க்க ஆப்பிரிக்கக் குடிசை மாதிரி கூம்பா மேல போகும். ஒவ்வொரு ஜூன் 3-ம் தேதியும் லட்சக்கணக்கான ஜனம், கென்யா தான்சானியாலேந்தெல்லாம் நடந்தே வருவாங்க, வாரக்கணக்கா, நம்ம பழனி பாதயாத்திரை மாதிரியே கால்ல கொப்புளத்தோட. அரசாங்க லீவு நாள். எங்க ஸ்டோர் கீப்பரம்மா ஒரு வருஷம் விடாம போவாங்க, எனக்கு பாட்டில்ல தீர்த்தம் கொண்டாந்து குடுப்பாங்க.

அங்க என்ன நடந்துச்சுன்னா, புகாண்டா ராஜ்யத்துல (ராஜாவ கபாகான்னு சொல்லுவாங்க) இரண்டாம் முவாங்கான்னு ஒரு கபாகா, 1884-ல பட்டத்துக்கு வந்தப்ப சின்னப் பையன். அரண்மனைல வேலை பார்த்த பசங்க கொஞ்ச பேரு கிறிஸ்தவத்துக்கு மாறிட்டாங்க. 1886 ஜூன் 3 அன்னைக்கு நமுகோங்கோல சார்லஸ் லுவாங்கா உள்பட பல பேர உயிரோட எரிச்சாங்க. அங்க இங்கன்னு ரெண்டு மூணு வருஷத்துல கொல்லப்பட்டவங்கள சேர்த்து 45 தியாகிங்கன்னு கணக்கு, 22 கத்தோலிக்கர், 23 ஆங்கிலிக்கன். 1964-ல போப் ஆறாம் பவுல் அந்த 22 பேருக்கும் புனிதர் பட்டம் குடுத்தாரு. பாதிரிமார் எழுதி வெச்ச கதைல முக்கியமான காரணம் என்னன்னா, ராஜா அந்தப் பசங்கள ஆசைக்குக் கூப்பிட்டாரு, அவங்க மாட்டேன்னாங்க.

இப்ப பாருங்க. "இது ஆப்பிரிக்கால இல்லவே இல்லாதது, வெள்ளக்காரன் கொண்டாந்தது"ன்னு சொல்ற அதே மேடைல "எங்க தியாகிங்க ராஜாவோட அந்த ஆசைக்கு இணங்காம செத்தாங்க"ன்னும் பிரசங்கம் நடக்கும். ரெண்டும் எப்படி சார் ஒண்ணா நிக்கும்? இதக் கேட்டா "அது அரபு வியாபாரிங்க கத்துக்குடுத்தது"ன்னு சொல்லுவாங்க. எப்பவும் வேற யாரோதான். அன்னைக்கு அரபுக்காரன், இன்னைக்கு அமெரிக்காக்காரன்.

வடக்குல லாங்கி மக்கள்கிட்ட முடோகோ டாகோன்னு ஒரு வழக்கு இருந்ததா நூறு வருஷம் முன்னாடி ஆராய்ச்சிக்காரங்க எழுதி வெச்சிருக்காங்க, பொண்ணு மாதிரி வாழுற ஆம்பளைங்க, அவங்கள இன்னொரு ஆம்பள கட்டிக்கலாம். அதுக்காக பழைய ஆப்பிரிக்கா சொர்க்கம்னு நான் சொல்ல வரல. முவாங்கா விஷயத்துலயும் அவரு ராஜா, மறுத்தா உயிர் போகும், அத காதல்னு சொல்லி யாரும் தூக்கிப் பிடிக்க வேணாம். ஐரோப்பாக்காரன் நாட்டப் புடிக்க வர்றான், இந்தப் பசங்க அவன் சாமிக்கு விசுவாசமா போயிட்டாங்கங்குற பயம்தான் எரிச்சதுக்கு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன், முந்துன வருஷமே பிஷப் ஹானிங்டனக் கொன்னதும் அந்தப் பயத்துலதான். பயந்த மாதிரியே நடந்துச்சு, 1894-ல பிரிட்டிஷ் ப்ரொடெக்டரேட் ஆச்சு, முவாங்காவ கடைசில நாடு கடத்தி சேஷெல்ஸ்ல வெச்சாங்க, அங்கயே செத்தாரு.

---

மார்த்தாண்டத்தான் எழுதியது:

நான் சிஎஸ்ஐ சபை. சின்னப்பிள்ளைல சண்டே ஸ்கூல்ல உகாண்டா ரத்தசாட்சிகள் கதை சொல்லித் தந்திருக்காங்க, தீயில பாட்டு பாடிட்டே செத்தாங்கன்னு. அந்த ஆசை மேட்டர் மட்டும் எங்க டீச்சரம்மா சொல்லல கேட்டியளா 😅 "ராஜா கெட்ட காரியம் செய்யச் சொன்னாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருவாங்க.

எனக்கு வேதத்துல இருக்கது இருக்கதுதான், அதுல நான் மாறல. ஆனா ஒரு காரியம் என்னால ஏத்துக்க முடியல. டேவிட் காட்டோ அடக்கத்துல போதகர் மைக்கப் புடிச்சிட்டு அங்க வந்திருந்த அவரோட கூட்டாளிகளயே ஏசினாராம், மனந்திரும்புங்கன்னு. பெட்டி அங்கன இருக்கு, அம்மை அழுதுட்டு நிக்கா, அப்ப. ஊர்க்காரங்க பெட்டியத் தூக்க மாட்டோம்னுட்டாங்க, கூட்டாளிகளே தூக்கிட்டுப் போனாங்க. கடைசியில ஜெபம் பண்ணி அடக்கம் செஞ்சது கிறிஸ்டோபர் சென்யொஞ்ஜோன்னு ரிட்டயர் ஆன ஒரு ஆங்கிலிக்கன் பிஷப். அந்த மனுசன் இவங்களுக்கு ஆதரவா பேசினதுக்கு சபை அவரை ஒதுக்கி வெச்சிருந்தது. எழுபது வயசு தாண்டின ஆளு.

அடக்க ஆராதனையில இப்படி செய்யப்பிடாது. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.

---

நேர்படப்பேசு எழுதியது:

காட்டோ கொலை பத்தி எல்லாரும் பேசுறீங்க, தீர்ப்பையும் சொல்லணும்ல? ஒரு ஆள புடிச்சாங்க, அவன் குற்றத்த ஒத்துக்கிட்டான், 2011 நவம்பர்லயே 30 வருஷம் தண்டனை குடுத்தாச்சு. ரெண்டு பேருக்கு நடுவுல இருந்த சொந்தத் தகராறுன்னுதான் போலீஸ் சொல்லுச்சு. பேப்பர்ல ஃபோட்டோ வந்ததுக்கும் கொலைக்கும் நேரடித் தொடர்புன்னு கோர்ட் சொல்லல. நீங்க எல்லாரும் சேர்த்து முடிச்சுப் போடுறீங்க.

---

கம்பாலா_ரிட்டர்ன் எழுதியது:

நீங்க சொன்னது உண்மை, நான் அத எழுதிருக்கணும், விட்டது என் தப்பு.

ஆனா நான் பார்த்தது வேற மாதிரி. கொலை நடந்த மறுநாள் எங்க கவுண்டர்ல "யாரு பண்ணிருப்பா"ன்னு ஒருத்தர் கூட கேக்கல. செத்ததுல என்ன ஆச்சரியம்ங்குற மாதிரி பேசுனாங்க. மூணு மாசம் முன்னாடி பேப்பர் தூக்குல போடச் சொல்லுச்சு, இப்ப ஆள் இல்ல, கணக்கு நேராயிருச்சு. ஊரே அப்படி நினைக்கிற நிலைமைக்கு வந்தப்பறம் அடிச்சவன் கையில இருந்தது சொந்தக் கோவமா பொதுக் கோவமான்னு பிரிக்கிறது போலீஸுக்கு லேசு, காட்டோவோட ஆளுங்களுக்கு லேசு இல்ல.

உங்க முதல் கேள்விக்கும் வர்றேன், ஜனங்க பச்சப்புள்ளையான்னு கேட்டீங்கல்ல. இல்ல. லைவ்லி வந்து விதை போட்டான்னே வெச்சுக்கங்க, தண்ணி ஊத்துனது எல்லாம் உள்ளூர்தான். மார்ட்டின் செம்பான்னு ஒரு பாஸ்டர் சர்ச்சுக்குள்ளயே அந்த மாதிரி படத்த திரைல போட்டுக் காட்டுனாரு, இவங்க எவ்ளோ அசிங்கம்னு நிரூபிக்க! சபைல சின்னப் பசங்க முன்னாடி இல்லன்னு சமாதானம் வேற. அதுக்கு முன்னாடிலேந்தே அமெரிக்கப் பணம் எய்ட்ஸுக்குன்னு கோடிக்கணக்குல வந்துச்சு, புஷ் காலத்துத் திட்டம், அதுல தடுப்புக்கான காசுல ஒரு பெரிய பங்கு "கல்யாணத்துக்கு முன்னாடி கட்டுப்பாடு" பிரசாரத்துக்குன்னே ஒதுக்கணும்னு விதி இருந்துச்சு. அந்தப் பிரசாரத்தால வளந்த சர்ச்சுங்களும் பாஸ்டருங்களும் இருந்தாங்க. இது கொள்கை மட்டும் இல்ல, ஒரு பிழைப்பும்தான்.

லைவ்லி மேல உகாண்டாக்காரங்களே அமெரிக்கால கேஸ் போட்டாங்க, 2012-ல. 2017-ல ஜட்ஜ் அந்த ஆள் பண்ணத கடுமையா எழுதிட்டு, ஆனா இது நடந்தது வெளிநாட்டுல, என் எல்லைக்குள்ள வரலன்னு தள்ளுபடி பண்ணிட்டாரு. வந்தவன் ஃப்ளைட்டு ஏறிட்டான், அவ்ளோதான்.

---

போடாபோடா எழுதியது:

அண்ணா வணக்கம், நான் இப்பவும் கம்பாலாலதான் இருக்கேன், 2021-லேந்து, ஐடி சப்போர்ட் வேலை. பேர பார்த்து திட்டுறேன்னு நினைக்காதீங்க, இங்க பைக் டாக்ஸிக்கு பேரே போடாபோடாதான் 😂 முதல் நாள் ஏர்போர்ட்ல ஒருத்தன் என்னைப் பார்த்து "போடா! போடா!"ன்னு கத்துனப்ப சண்டைக்கே போயிட்டேன்.

நீங்க போனப்பறம் நடந்தத நான் சொல்றேன். பஹாட்டியோட மசோதா 2014-ல சட்டமாச்சுல்ல, அத அந்த ஆகஸ்ட் 1-லயே கோர்ட் ரத்து பண்ணிருச்சு, உரிமை அது இதுன்னு இல்ல, ஓட்டெடுப்பப்ப சபைல போதுமான எம்பிங்க இல்லன்னு. 2023-ல அந்தத் தப்ப திரும்பப் பண்ணல, மார்ச் 21 ராத்திரி 389 எம்பிங்க சபைல இருந்தாங்க, டிவில லைவ்வா பார்த்தேன், கைதட்டல், பாட்டு, ஏதோ வேர்ல்டு கப் ஜெயிச்ச மாதிரி. மசோதா கொண்டாந்த பசலிர்வா எதிர்க்கட்சி, எதிர்த்து நின்னுப் பேசுன ஃபாக்ஸ் ஒடோய் ஆளுங்கட்சி! இங்க எல்லாக் கட்சியும் ஒண்ணா நின்னு நான் பார்த்த ஒரே விஷயம் இதுதான். ஜனாதிபதி முசெவேனி ஒரு தடவ திருப்பி அனுப்பி, சும்மா "நான் கே"ன்னு சொல்றதே குற்றம்ங்குறத எல்லாம் எடுத்துட்டு, மே கடைசில கையெழுத்துப் போட்டாரு. ஆயுள் தண்டனை, சில கேஸுக்கு மரணம், "ஊக்குவிச்சா" இருபது வருஷம்.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. அந்த மார்ச் மாசம் பேப்பர்ல ஓடிக்கிட்டு இருந்த வேற செய்தி என்ன தெரியுமா? மபாட்டி. தகர ஷீட்டு. வடகிழக்குல கரமோஜான்னு ரொம்ப ஏழ்மையான பகுதி, அங்க உள்ள ஜனங்களுக்குக் குடிசை மேல போடன்னு அரசாங்கம் வாங்குன தகரத்த மந்திரிங்களே ஆட்டையப் போட்டு சொந்த ஊர்ல ஆட்டுக்கொட்டாய்க்கு எல்லாம் போட்டுட்டாங்க. கரமோஜா மந்திரி கிட்டுட்டுவ ஏப்ரல்ல கைது பண்ணாங்க. அப்ப சபாநாயகரா இருந்த அனிதா அமோங் பேரும் அந்த லிஸ்ட்ல அடிபட்டுச்சு, 2024-ல பிரிட்டன் ஊழல்னு சொல்லி அந்தம்மா மேல தடை போட்டுச்சு. அந்தம்மாதான் மார்ச் 21 அன்னைக்கு சபைல நடுவுல உக்காந்து மசோதாவ நிறைவேத்துனது. நான் ஒண்ணும் சொல்லல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆட்டுக்கொட்டாய் தகரத்தப் பத்தி பேசிட்டு இருந்த என் போடா டிரைவர் ஏப்ரல்ல வேற பேச்சுக்கு மாறிட்டான்.

சட்டத்துல வீட்டு ஓனர் மேலயும் கேஸ் போடலாம்னு ஒரு பிரிவு இருந்துச்சு. எங்க காம்பவுண்டுக்குப் பின்னாடி முசிகோன்னு சொல்லுவாங்க, வரிசையா ஒத்த ரூம் வீடுங்க, நம்ம லைன் வீடு மாதிரி. அதுல ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து இருந்தாங்க, ஒருத்தி சலூன்ல வேலை, இன்னொருத்தி மொபைல் மணி கியோஸ்க். அவங்க என்ன உறவுன்னு எனக்கு சத்தியமா தெரியாது, கேட்டதும் இல்ல, அக்கா தங்கச்சியா கூட இருக்கலாம். ஜூன்ல ஒரு நாள் ஓனரம்மா வந்து என்கிட்ட "நான் வயசானவ, எனக்கு ஜெயில் வேணாம்"னு சொல்லிட்டு அவங்க கதவத் தட்டப் போனாங்க. அந்தம்மா கெட்டவங்க இல்லண்ணா. எனக்கு காய்ச்சல் வந்தப்ப மட்டோக்கே வேக வெச்சு குடுத்தவங்க. ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஒரு பிக்கப் வந்துச்சு, ஒரு மெத்தை, ரெண்டு ஜெரிகேன், ஒரு டிவி. பக்கத்து ரூம் பசங்க வாசல்ல நின்னு பார்த்தாங்க, ஒருத்தனும் தூக்கி விடல. நானும்தான் ஜன்னல்லேந்து பார்த்தேன்.

2024 ஏப்ரல் 3-ல கோர்ட் அந்த ஓனர் பிரிவையும், காட்டிக்குடுக்கணும்ங்குற பிரிவையும் இன்னும் ரெண்டையும் எடுத்துருச்சு, மிச்ச சட்டம் அப்படியே நிக்குது. ஆனா அந்தப் பொண்ணுங்க போனது போனதுதான். அந்த ரூம்ல இப்ப ஒரு போடா மெக்கானிக் இருக்கான்.

---

யாழ்_ஸ்காபரோ எழுதியது:

நல்ல இழை. ஒரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்ல. வெள்ளைக்கார நாடுகள் காசை நிப்பாட்டினால் எல்லாம் சரியாகும் எண்டு இஞ்ச கனடாவில கனபேர் நினைக்கினம். 2011-ல பிரித்தானியப் பிரதமராய் இருந்த கமரோன் உதவிப்பணத்தை வெட்டுவன் எண்டு வெருட்டினவர், அப்ப ஆப்பிரிக்காவில வேலை செய்யிற செயற்பாட்டாளர்களே சேர்ந்து வேண்டாம் எண்டு அறிக்கை விட்டவை. ஏனெண்டால் ஆஸ்பத்திரியில மருந்து இல்லாமல் போனால் சனம் பழியை ஆரில போடும்? "இவங்களாலதான்" எண்டு அந்தச் சனத்திலதான். 2014-ல உலக வங்கி 90 மில்லியன் டொலர் சுகாதாரக் கடனை நிப்பாட்டினது, 2023 ஓகஸ்ட்டில புதுக்கடன் இல்லை எண்டது, 2025 ஜூனில திரும்பக் குடுக்க வெளிக்கிட்டிட்டுது. சட்டம் அப்படியே கிடக்கு.

எங்கட இலங்கையிலயும் 365, 365ஏ எண்டு அதே வெள்ளைக்காரன்ர சட்டம் இன்னும் புத்தகத்தில இருக்கு. ஆகவே நான் பெரிசாய் ஒண்டும் கதைக்கேலாது.

---

நேர்படப்பேசு எழுதியது:

@போடாபோடா உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். வீட்ட விட்டு அனுப்புறதெல்லாம் எனக்கு ஒத்துக்க முடியாத விஷயம். என் கருத்து மாறலன்னாலும் இத சொல்லணும்னு தோணுச்சு. காசு விஷயத்துல யாழ் அண்ணன் சொல்றது நான் முதல்ல சொன்னதத்தான், வெளியிலேந்து அமுக்குனா எதிர்வினைதான் வரும்.

---

பெயர்_வேணாம் எழுதியது:

புது ஐடி, இந்த இழைக்காக மட்டும் தொடங்குனது. நான் கே. ஊரு மதுரை பக்கம், இப்ப வேலைக்கு வெளிநாடு. இத நான் டைப் பண்றதே இதுதான் ரெண்டாவது தடவ, மொதல்ல எழுதுனத டெலீட் பண்ணிட்டேன்.

எல்லாரும் சட்டம், பாஸ்டர், பேங்க் பத்தி பேசுறீங்க. அவங்க எப்படி இருக்காங்க, ஒருத்தர ஒருத்தர் எப்படி கண்டுபிடிக்கிறாங்க, சிரிக்கிறாங்களா, அத யாராவது சொல்லுங்களேன். செத்தவங்க கதையாவே படிச்சு படிச்சு நெஞ்சு அடைக்குது.

---

கம்பாலா_ரிட்டர்ன் எழுதியது:

@பெயர்_வேணாம் தம்பி (தம்பின்னு கூப்பிடலாம்ல?), நீங்க எழுதுனதுக்கு நன்றி.

சிரிக்கிறாங்க. அவங்களுக்குள்ள குச்சுன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, நாங்க குச்சுன்னு பெருமையாவே சொல்லிக்கிறது. 2003-லயே காஷா ஜாக்குலின் நபகெசெராங்குற பொண்ணு பெண்களுக்குன்னு ஒரு அமைப்பு தொடங்குனாங்க, ரோலிங் ஸ்டோன் மேல கேஸ் போட்டவங்கள்ல அவங்களும் ஒருத்தர். 2012 ஆகஸ்ட்ல எண்டபேல, ஏரிக்கரைல, முதல் ப்ரைட் ஊர்வலம் நடத்துனாங்க. எண்டபே பொட்டானிக்கல் கார்டன் நான் ஞாயித்துக்கிழமை போற இடம், குரங்கு வந்து கையில இருக்குற சமோசாவப் புடுங்கும். அங்க கலர் கலரா டிரஸ் போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடுன ஃபோட்டோவ பின்னாடி பார்த்தேன். போலீஸ் வந்துச்சு, கொஞ்ச பேர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போச்சு, விட்டுருச்சு. ஆடுனது ஆடுனதுதான்.

சரி, அந்தப் பையன். தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

எங்க கேஷ் கவுண்டர்ல இருந்தவன், இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசிருக்கும். ராத்திரி கேஷ் டாலி பண்ணும்போது நானும் அவனும்தான். நோட்ட எண்ணுற வேகம் பார்க்கணும், ஒரு ஷில்லிங் கூட உதைக்காது. என்கிட்ட தமிழ்ல ஒண்ணு ரெண்டு மூணு கத்துக்கிட்டு சத்தமா எண்ணுவான், ஏழு மட்டும் வராது, "யேலு"ன்னு சொல்லிட்டு அவனே சிரிப்பான்.

2014 பிப்ரவரி 24 எண்டபேல முசெவேனி கையெழுத்துப் போட்டாரு, கேமரா எல்லாம் கூப்பிட்டு. மறுநாள் காலைல ரெட் பெப்பர் பேப்பர்ல முதல் பக்கத்துல 200 பேர் லிஸ்டுன்னு வந்துச்சு. கடையே அந்தப் பேப்பர சுத்தி நின்னுச்சு. லோடிங் பசங்கள்ல ஒருத்தன் சத்தமா படிக்கிறான், ஒவ்வொரு பேருக்கும் "ஏய்ய்"ன்னு கத்துறாங்க. தீர்த்தம் கொண்டாந்து குடுப்பாங்கன்னு சொன்னேனே, அந்தம்மாவும் அங்கதான் நின்னாங்க. ஒருத்தன் கேஷ் பக்கம் திரும்பி "உன் பேரு எந்தப் பக்கத்துல?"ன்னு கேட்டான். சும்மா கிண்டலுக்கு, அவன் கொஞ்சம் மென்மையா பேசுவான்ங்குறதால. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அவன் நோட்டு எண்ணிட்டு இருந்தான், ஒரு கட்டு முடிஞ்சு ரப்பர் பேண்ட் போட்டான், மறுபடியும் அதையே பிரிச்சு முதல்லேந்து எண்ண ஆரம்பிச்சான். அத நான் பார்த்தேன்.

மறுநாள் வரல. ஃபோன் ஆஃப். அவன் பேரு அந்த லிஸ்ட்ல எல்லாம் இல்ல, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி முழுசா பார்த்தேன். அவன் அப்படியா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி சம்பளம் பாக்கி இருந்துச்சு. முதலாளி "வந்தா குடு, இல்லன்னா எழுதி முடி"ன்னாரு. கவர்ல போட்டு லாக்கர்ல வெச்சிருந்தேன். ஏப்ரல்ல ஒரு பொண்ணு வந்துச்சு, அக்கான்னு சொல்லுச்சு, அதே மூக்கு. கையெழுத்து வாங்கிட்டு குடுத்தேன். நல்லா இருக்கானான்னு கேட்டேன். கென்யா பக்கம் போயிருக்கான்னுச்சு. அங்க எங்கன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம என் பின்னாடி நின்ன லோடிங் பசங்கள ஒரு பார்வை பார்த்துட்டு, "வெபாலே ஸ்ஸெபோ"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நன்றி ஐயான்னு அர்த்தம். எனக்கு எதுக்கு நன்றி.

---

பெயர்_வேணாம் எழுதியது:

படிச்சேன் அண்ணா. தம்பின்னே கூப்பிடுங்க.

---

மாடரேட்டர் எழுதியது:

ரெண்டு மூணு பேர் இழையில அவதூறா எழுதுனத நீக்கிருக்கேன், ஐடிய தற்காலிகமா முடக்கிருக்கேன். பெயர்_வேணாம் அவர்களுக்குத் தனிமடல் அனுப்பி "நீங்க யாரு, எந்த ஊரு"ன்னு விசாரிச்சவங்களுக்கும் இதே பதில்தான், அது யாருன்னு உங்களுக்கே தெரியும். மத்தபடி இழை திறந்தே இருக்கும்.

---

போடாபோடா எழுதியது:

@கம்பாலா_ரிட்டர்ன் அண்ணா, அந்த ஹார்டுவேர் கடை எந்தத் தெருன்னு தனிமடல்ல மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் போனா பழைய ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு பார்க்குறேன். அவனப் பத்தி எதுவும் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க. ஸ்டோர் கீப்பரம்மா இன்னும் ஜூன் 3 நடந்து போறாங்களான்னு மட்டும் கேட்டு சொல்றேன்.